பெருமம், சிறுமம்: எந்த முறையை எப்போது எடுப்பது?

“முதல் வகைக்கெழுச் சோதனையா, இரண்டாம் வகைக்கெழுச் சோதனையா, எதை எழுதட்டும்?” நுண்கணிதத்தில் பெருமம் (சார்பு உயர்ந்து நிற்கும் இடம்), சிறுமம் (தாழ்ந்து நிற்கும் இடம்) பாடத்துக்குள் நுழைந்த பத்து நாட்களுக்குள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. வகையிடுவார்கள், பூச்சியத்துக்குச் சமன்படுத்துவார்கள், விடையாக இரண்டு எண்களும் கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் பேனா நிற்கிறது. கையில் இருக்கும் எண்களில் எது பெருமம், எது சிறுமம், எது இரண்டும் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பாடப்புத்தகம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறதே தவிர, எதை எப்போது எடுப்பது என்று சொல்வதில்லை.

விடைத்தாள் திருத்தும்போது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. மாணவர் தேக்கநிலைப் புள்ளிகளை, அதாவது முதல் வகைக்கெழு பூச்சியமாகும் இடங்களை, நான்கே வரியில் சரியாகக் கண்டுபிடித்திருப்பார். பிறகு இரண்டாம் வகைக்கெழுவுக்காக அரைப் பக்கம் வகுத்தல் விதியைப் போட்டு, நடுவில் ஒரு கழித்தல் குறியைத் தொலைத்து, பெருமத்தைச் சிறுமம் என்று எழுதி முடித்திருப்பார். முறை தவறில்லை, அந்தக் கணக்குக்கு அது தேவைப்படவில்லை.

இந்தக் கட்டுரையில் மாறியை ய என்றும், சார்பை ச(ய) என்றும், அதன் முதல் வகைக்கெழுவை ச′ என்றும், இரண்டாவதை ச″ என்றும் குறிக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முறைகளுக்குள் போவதற்கு முன் கணக்கிடம் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்.

முதலாவது, கேட்கப்படுவது இடஞ்சார்ந்த பெருமமா, மீப்பெரு பெருமமா? அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டு உயர்ந்து நிற்பது முன்னது. சார்பகம் முழுவதிலும் உயர்ந்து நிற்பது பின்னது. “அதிகபட்சக் கொள்ளளவு என்ன?”, “குறைந்தபட்சச் செலவு எவ்வளவு?” என்று கேட்கும் கணக்குகள் எல்லாம் பின்னதைத்தான் கேட்கின்றன. ஆனால் பலர் முன்னதைக் கண்டுபிடித்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

இரண்டாவது, சார்பகம் எப்படிப்பட்டது? இரு முனைகளும் சேர்ந்த மூடிய இடைவெளியா, முனை இல்லாத திறந்த இடைவெளியா, மெய்யெண் கோடு முழுவதுமா? என்னைக் கேட்டால் வேறு எதையும் விட இதற்கே அதிக எடை கொடுப்பேன். பாதிக் கணக்குகளில் இந்த ஒரு கேள்வியே முறையை முடிவுசெய்துவிடுகிறது.

மூன்றாவது, சார்பு எல்லா இடத்திலும் வகையிடத்தக்கதா? கூர்முனையோ உடைப்போ இருந்தால் சில முறைகள் அங்கே கண்ணை மூடிக்கொள்ளும்.

நான்காவது உழைப்பு. ச″ ஒரு வரியில் வருமா, ஒரு பக்கம் ஓடுமா? கடைசியாக, விடை எந்த வடிவில் வேண்டும்? நிறுவலோடு கூடிய துல்லியமான மதிப்பா, ஆறு தசமத்துக்குச் சரியான எண் போதுமா?

## எந்த முறைக்கும் முன்னால் ஒரு வேலை

வகையிடலை நம்பும் முறைகள் எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றே: மாறுநிலை எண்களை, அதாவது சார்பகத்துக்குள் வகைக்கெழு பூச்சியமாகும் அல்லது இல்லாமல் போகும் எண்களைத் திரட்டுவது. இடைவெளியின் உட்புறத்தில் ஓர் இடஞ்சார்ந்த பெருமமோ சிறுமமோ இருந்து, அங்கே வகைக்கெழுவும் இருந்தால், அது பூச்சியமாகத்தான் இருக்கும். 1630களில் ஃபெர்மா பயன்படுத்திய வழியின் சாரம் இது. லைப்னிட்சு நுண்கணிதம் பற்றி 1684-இல் வெளியிட்ட முதல் கட்டுரையின் தலைப்பே பெருமங்களையும் சிறுமங்களையும் காண்பது பற்றியதுதான். இந்தத் துறை இந்தக் கேள்வியோடு சேர்ந்தே வளர்ந்தது.

இந்தத் தேற்றத்தில் இரண்டு ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மறுதலை உண்மையன்று. ய³-இன் வகைக்கெழு 0-இல் பூச்சியமாகிறது, ஆனாலும் அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. இன்னொன்று, “வகைக்கெழு இருந்தால்” என்ற நிபந்தனை. வகைக்கெழு இல்லாத புள்ளிகளையும் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். ச(ய) = (ய − 5) × ∛(ய²) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். வகையிட்டுச் சுருக்கினால் ச′ = 5(ய − 2) / (3∛ய). ச′ = 0 என்று மட்டும் எழுதியவருக்கு ய = 2 கிடைக்கும். பகுதி பூச்சியமாகும் ய = 0 அவர் கண்ணில் படாது. அங்கேதான் இந்தச் சார்பின் இடஞ்சார்ந்த பெருமம் கூர்முனையாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்து வரும் எந்தச் சோதனையும், பட்டியலில் விடுபட்ட புள்ளியைத் தானாகத் தேடிப் பிடிக்காது.

## முதல் வகைக்கெழுச் சோதனை

மாறுநிலை எண்ணுக்கு இடப்பக்கம் ச′ நேர்மம், வலப்பக்கம் எதிர்மம் என்றால் சார்பு ஏறி இறங்குகிறது, ஆகவே பெருமம். எதிர்மத்திலிருந்து நேர்மத்துக்குப் போனால் சிறுமம். குறி மாறாவிட்டால் இரண்டும் இல்லை. மலைப்பாதையில் நடப்பவருக்கும் புரியும் தர்க்கம்.

ச(ய) = ய³ − 6ய² + 9ய + 2 என்று கொள்வோம். ச′ = 3ய² − 12ய + 9 = 3(ய − 1)(ய − 3). குறி அட்டவணை இப்படி அமையும்:

| | ய < 1 | 1 < ய < 3 | ய > 3 |
|---|---|---|---|
| சோதிக்கும் மதிப்பு | ய = 0 | ய = 2 | ய = 4 |
| ச′ | 9 | −3 | 9 |
| சார்பு | ஏறுகிறது | இறங்குகிறது | ஏறுகிறது |

ய = 1-இல் இடஞ்சார்ந்த பெருமம், மதிப்பு 6. ய = 3-இல் இடஞ்சார்ந்த சிறுமம், மதிப்பு 2. இதே அட்டவணையில் சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. வரைபடம் வரையச் சொல்லும் கணக்கில் இது பாதி வேலை.

இந்தச் சோதனையின் பெரிய பலம், வகைக்கெழு இல்லாத புள்ளியிலும் வேலை செய்வது. மேலே பார்த்த கூர்முனைச் சார்பில் ய < 0 எனில் 5(ய − 2) / (3∛ய) நேர்மம். 0-க்கும் 2-க்கும் இடையில் எதிர்மம். 2-க்கு அப்பால் மறுபடி நேர்மம். ஆகவே 0-இல் பெருமம், மதிப்பு 0. 2-இல் சிறுமம், மதிப்பு −3∛4, ஏறத்தாழ −4.762. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடித்தாயிற்று.

மறைந்திருக்கும் செலவு எங்கே? முதலில், புள்ளியில் சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. 1/ய² என்ற சார்பின் வகைக்கெழு 0-க்கு இடப்பக்கம் நேர்மம், வலப்பக்கம் எதிர்மம். சோதனையைக் கண்மூடிப் போட்டால் 0-இல் பெருமம் என்று வரும். அந்த இடத்தில் சார்பே இல்லை.

அடுத்து, சார்பு வரையறுக்கப்படாத புள்ளிகளையும் அட்டவணையில் எல்லைக்கோடாகப் போட வேண்டும். ய + 1/ய என்ற சார்புக்கு மாறுநிலை எண்கள் −1, 1. நடுவில் 0 என்ற கோட்டைப் போட மறந்தவர், “−1 முதல் 1 வரை சார்பு இறங்குகிறது” என்று எழுதுவார். ஆனால் −1-இல் மதிப்பு −2, 1-இல் மதிப்பு 2. இறங்கி இறங்கி −2-இலிருந்து 2-க்கு வந்து சேர்ந்த விந்தை! இங்கே இடஞ்சார்ந்த பெருமம் −2, இடஞ்சார்ந்த சிறுமம் 2. பெருமத்தை விடச் சிறுமம் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதறி, விடையை மாற்றி எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன். பதற வேண்டியதில்லை. “இடஞ்சார்ந்த” என்ற அடைமொழி அதற்காகத்தான் இருக்கிறது.

மூன்றாவது செலவு அபூர்வமானது. ய⁴ × (2 + சைன்(1/ய)) என்ற சார்புக்கு 0-இல் மதிப்பு 0 என்று வைத்துக்கொண்டால் அங்கே தெளிவான சிறுமம். ஆனால் 0-ஐ நெருங்க நெருங்க ச′ எண்ணற்ற முறை குறி மாற்றிக்கொண்டே இருக்கும். சோதனைக்குப் பிடி கிடைக்காது. தேர்வில் இது வராது. ஆனால் சோதனை வாய் திறக்கவில்லை என்பதற்காகப் பெருமமோ சிறுமமோ இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

## இரண்டாம் வகைக்கெழுச் சோதனை

தேக்கநிலைப் புள்ளியில் ச″ எதிர்மம் என்றால் பெருமம், நேர்மம் என்றால் சிறுமம். நேர்மம் என்றதும் மனம் பெருமத்துக்குத் தாவும். அந்த இடறல் எல்லோருக்கும் ஒருமுறை நேர்ந்திருக்கும். நேர்மம் என்றால் வளைவு கிண்ணம்போல் மேல்நோக்கித் திறந்திருக்கிறது, அடியில் சிறுமம் என்று படமாக நினைத்துக்கொண்டால் மறக்காது.

முன் எடுத்த முப்படிச் சார்புக்கு ச″ = 6ய − 12. ய = 1-இல் −6, பெருமம். ய = 3-இல் 6, சிறுமம். இரண்டே வரி. பல்லுறுப்புக் கோவைகளுக்கு இதைவிட வேகமான வழி இல்லை.

இதன் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ச″ = 0 என்று வந்தால் சோதனை வாயடைத்துப்போகும். ய⁴, −ய⁴, ய³ ஆகிய மூன்றுக்கும் 0-இல் முதல் வகைக்கெழுவும் இரண்டாம் வகைக்கெழுவும் பூச்சியம். முதலாவதற்கு அங்கே சிறுமம், இரண்டாவதற்குப் பெருமம், மூன்றாவதற்கு இரண்டுமில்லை. “ச″ = 0, ஆகவே வளைவு மாற்றப் புள்ளி” (கிண்ணம் திறக்கும் திசை மாறும் இடம்) என்று எழுதுகிறவர்கள் ய⁴-ஐ ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த நிலையில் மூன்றாம், நான்காம் வகைக்கெழு என்று மேலே ஏறலாம். முதன்முதலாகப் பூச்சியமாகாத வகைக்கெழு ஒற்றைப்படை வரிசையில் வந்தால் பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. இரட்டைப்படை வரிசையில் வந்தால் அதன் குறியே தீர்ப்பு. ஆனால் ஏணிக்கு முடிவு இருக்கும் என்று உறுதியில்லை. அடுக்குக்குறிச் சார்பில் −1/ய² என்ற அடுக்கைப் போட்டு, 0-இல் மதிப்பு 0 என்று வைத்தால், 0-இல் எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியம். ஆனாலும் அங்கே சிறுமம் இருக்கிறது. முதல் வகைக்கெழுச் சோதனை இதை ஒரே வரியில் முடித்துவிடும்: ய எதிர்மமாக இருக்கும்போது ச′ எதிர்மம், நேர்மமாக இருக்கும்போது நேர்மம்.

வெளியே தெரியாத செலவு உழைப்பில் இருக்கிறது. ச(ய) = ய / (ய² + 4) என்று எடுத்தால் ச′ = (4 − ய²) / (ய² + 4)². பகுதி எப்போதும் நேர்மம் என்பதால், குறியைப் பார்க்க 4 − ய² மட்டும் போதும். −2-இல் சிறுமம், 2-இல் பெருமம் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். இரண்டாம் வகைக்கெழுவுக்குப் போனால் 2ய(ய² − 12) / (ய² + 4)³ வரை போராட வேண்டும். தொடக்கத்தில் சொன்ன தொலைந்த கழித்தல் குறி பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்கில்தான் தொலைகிறது.

ச″-ஐத்தான் பயன்படுத்துவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. ச′ என்பது தொகுதி, பகுதி என்று பின்னமாக இருந்து, பகுதி நேர்மமாக இருந்தால், தேக்கநிலைப் புள்ளியில் ச″-இன் குறியும் தொகுதியின் வகைக்கெழுவின் குறியும் ஒன்றே. அங்கே தொகுதி பூச்சியம் என்பதால் வகுத்தல் விதியின் மற்ற உறுப்பு உதிர்ந்துவிடும். 4 − ய²-இன் வகைக்கெழு −2ய; ய = 2-இல் அது −4, பெருமம். அரைப் பக்கம் மிச்சம்.

இந்த முறையின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு புள்ளியில் மட்டும் ச″-ஐச் சோதித்தால் கிடைப்பது இடஞ்சார்ந்த தீர்ப்பு. சார்பகம் முழுவதும் ச″ > 0 என்று காட்ட முடிந்தால், வளைவு முழுவதும் ஒரே கிண்ணம். அதில் தேக்கநிலைப் புள்ளி ஒன்று இருந்தால் அதுவே மீச்சிறு சிறுமம், வேறு எதையும் ஒப்பிட வேண்டியதில்லை. குறிப்பிட்ட கன அளவு கொள்ளும் மூடிய உருளைக்கு மிகக் குறைந்த புறப்பரப்பு கேட்கும் பழைய கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆரம் ஆ, கன அளவு க என்றால் புறப்பரப்பு 2πஆ² + 2க/ஆ. இதன் இரண்டாம் வகைக்கெழு 4π + 4க/ஆ³. ஆரம் நேர்மமாக இருக்கும்வரை இது நேர்மமே. சார்பகம் முனைகளற்ற திறந்த இடைவெளி என்பதால் முனைகளைச் சோதிக்கவும் வழியில்லை. இங்கே ச″ இரண்டு வரியில் மீச்சிறு சிறுமத்தையே உறுதிசெய்துவிடுகிறது. விடையாக உயரம் விட்டத்துக்குச் சமம் என்று வரும்.

## மூடிய இடைவெளி முறை

இந்த முறை எந்தப் புள்ளியையும் வகைப்படுத்துவதில்லை. மாறுநிலை எண்களிலும் இரு முனைகளிலும் மதிப்பைப் போட்டு, எல்லாவற்றிலும் பெரியதையும் சிறியதையும் எடுத்துக்கொள்கிறது. மூடிய, வரம்புடைய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் மீப்பெரு, மீச்சிறு மதிப்புகளைக் கட்டாயம் அடையும் என்ற வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் பின்னால் நிற்பதால் இந்த எளிமை செல்லுபடியாகிறது.

அதே முப்படிச் சார்பை 0 முதல் 5 வரை பார்ப்போம்.

| ய | 0 (முனை) | 1 | 3 | 5 (முனை) |
|---|---|---|---|---|
| ச(ய) | 2 | 6 | 2 | 22 |

மீப்பெரு பெருமம் 22, அது முனையில் இருக்கிறது. அரும்பாடுபட்டு வகைப்படுத்திய 6 இந்தக் கேள்விக்கு விடையே அன்று. மீச்சிறு சிறுமம் 2, அதுவும் 0, 3 ஆகிய இரண்டு இடங்களில். முதல், இரண்டாம் வகைக்கெழுச் சோதனைகளை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் 22 வெளிவராது. மூடிய இடைவெளி கொடுத்த கணக்கில் ச″ போட்டு நேரத்தைக் கரைப்பவர்களுக்கு நான் காட்டும் அட்டவணை இது.

செலவு என்று பார்த்தால், ஒன்று நிபந்தனை. 0 சேராமல் 0 முதல் 1 வரை 1/ய-ஐப் பார்த்தால் பெருமமே கிடையாது; முனை திறந்திருப்பதால் தேற்றம் கைவிடுகிறது. திறந்த முனைகளில் மதிப்புக்குப் பதிலாக எல்லையைப் பார்க்கலாம். ய / (ய² + 4) இரு புறமும் முடிவிலி நோக்கிப் போகையில் 0-ஐ நெருங்குகிறது; ய = 2-இல் 1/4, ய = −2-இல் −1/4. எனவே கோடு முழுவதிலும் மீப்பெரு பெருமம் 1/4, மீச்சிறு சிறுமம் −1/4. இன்னொன்று, வர்க்கமூலமும் மடக்கையும் கலந்த மதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது சில நேரம் வகையிடுவதை விடக் கடினமாகிவிடும்.

## வகையிடாமலே: சமனிலி வழி

வகைக்கெழு பிறப்பதற்கு முன்பே பெருமச் சிறுமக் கணக்குகள் இருந்தன. கொடுக்கப்பட்ட சுற்றளவுடைய செவ்வகங்களில் சதுரத்துக்கே பரப்பு அதிகம் என்ற செய்தியின் வேர் யூக்ளிடின் வடிவியலில் இருக்கிறது. வர்க்கப் பூர்த்தியும், கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியை விடக் குறையாது என்ற சமனிலியும் இந்த வழியின் இரண்டு கருவிகள்.

12 அலகுப் பக்கமுள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் ய பக்கமுள்ள சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்து, மூடியில்லாப் பெட்டி செய்கிறோம். கொள்ளளவு ய(12 − 2ய)². வகையிட்டால் (12 − 2ய)(12 − 6ய); உட்புறத்தில் ய = 2 மட்டும்; முனைகளான 0, 6 இரண்டிலும் கொள்ளளவு 0; ஆகவே விடை 2 × 64 = 128. சமனிலி வழியில் 4ய, 12 − 2ய, 12 − 2ய என்ற மூன்றையும் பாருங்கள். கூட்டினால் எப்போதும் 24, சராசரி 8. ஆகவே பெருக்கல் 8³ = 512-ஐத் தாண்டாது; 4-ஆல் வகுத்தால் கொள்ளளவு 128-ஐத் தாண்டாது. மூன்றும் சமமாகும்போது, அதாவது 4ய = 12 − 2ய, ய = 2 எனும்போது, 128-ஐ அடைகிறது. முனையையும் சோதிக்க வேண்டாம், வகைப்படுத்தவும் வேண்டாம். மீப்பெரு பெருமம் என்ற நிறுவல் அதற்குள்ளேயே இருக்கிறது.

அழகுதான். ஆனால் ய-ஐ 4ய ஆக்கினால் கூட்டுத்தொகை மாறிலியாகும் என்று தோன்றியிருக்க வேண்டும். அந்தப் பொறி தட்டாத நாளில் இந்த வழி திறக்காது. தேர்வறையில் கடிகாரம் ஓடும்போது பொறிக்காகக் காத்திருப்பது நல்ல பேரம் அன்று.

பலர் விழும் பள்ளம் ஒன்றும் இருக்கிறது. மடிக்கும் உயரம் 1.5 அலகைத் தாண்டக் கூடாது என்று கணக்கு கட்டுப்பாடு போட்டால்? 128-ஐத் தாண்டாது என்பது இன்னும் உண்மைதான், ஆனால் அதை அடைய முடியாது, ஏனென்றால் ய = 2 சார்பகத்துக்கு வெளியே போய்விட்டது. உண்மையான விடை முனையான 1.5-இல்: 1.5 × 81 = 121.5. சமநிலை எங்கே வருகிறது, அந்த இடம் சார்பகத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்காத சமனிலி விடை பாதி விடைதான்.

## எண்ணியல் தேடல்

ச′ = 0 என்ற சமன்பாட்டையே தீர்க்க முடியாவிட்டால் மேலே சொன்ன பல முறைகளுக்கு வாசலிலேயே தடை. ய × சைன் ய என்ற சார்பை 0 முதல் π வரை எடுத்தால், ச′ = 0 என்பது டேன் ய = −ய என்று முடிகிறது. இதற்கு எழுதிக் காட்டக்கூடிய மூடிய வடிவ விடை இல்லை.

பொன் விகிதத் தேடலை 1953-இல் ஜாக் கீஃபர் வெளியிட்டார். வகைக்கெழுவே தேவையில்லை. இடைவெளியின் 0.382, 0.618 பங்குகளில் இரண்டு புள்ளிகளை வைத்து மதிப்புகளை ஒப்பிட்டு, தோற்ற பக்கத்தை வெட்டிவிடுவது. இந்தச் சார்புக்கு முதல் இரண்டு புள்ளிகள் 1.200, 1.942, மதிப்புகள் ஏறத்தாழ 1.118, 1.810. இடப்பக்கத்தை வெட்டுகிறோம். அடுத்த புள்ளி 2.400, மதிப்பு 1.621, இப்போது வலப்பக்கம் போகிறது. பெருமம் 1.200-க்கும் 2.400-க்கும் இடையில். பழைய புள்ளி ஒன்று அப்படியே மறுபடி பயன்படுவதால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஒரே ஒரு மதிப்புப் போட்டால் போதும். பத்துச் சுற்றில் இடைவெளி நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். இறுதி விடை ய ≈ 2.0288, மதிப்பு ≈ 1.8197.

நியூட்டன் முறை இதைவிட வேகம். ய-இலிருந்து ச′/ச″-ஐக் கழித்துக்கொண்டே போவது. நம் முப்படிச் சார்பில் 2.5-இல் தொடங்கினால் 3.25, 3.025, 3.0003 என்று பாய்ந்து 3-க்கு வருகிறது. ஆனால் அதற்குப் பெருமமும் சிறுமமும் ஒன்றுதான். 1.5-இல் தொடங்கினால் அடுத்து 0.75, பிறகு பெருமமான 1-ஐ நோக்கி. சிறுமத்தைத் தேடிப் போனவர் பெருமத்தில் போய் நிற்பார். சரியாக 2-இல் தொடங்கினால் ச″ = 0, பூச்சியத்தால் வகுக்கும் சிக்கல்.

இந்த வழியின் செலவுகள் கண்ணுக்குத் தெரியாதவை. பொன் விகிதத் தேடல் இடைவெளிக்குள் ஒரே ஒரு முகடு இருக்கிறது என்று நம்புகிறது. இரண்டு முகடு இருந்தால் தாழ்ந்ததிலேயே அமர்ந்துகொண்டு அதை விடை என்று சொல்லிவிடலாம். இன்னொன்று துல்லியம். உச்சிக்கு அருகில் வளைவு தட்டையாக இருப்பதால், 16 இலக்கத் துல்லியத்தில் கணிக்கும் கணினிகூட, மதிப்புகளை மட்டும் ஒப்பிட்டால் பெருமம் இருக்கும் இடத்தைப் பொதுவாக 8 இலக்கம் வரைதான் பிடிக்கும். பெருமத்தின் மதிப்பு துல்லியமாகக் கிடைக்கும், இடம் மங்கலாகத்தான் கிடைக்கும்.

## ஒரே பார்வையில்

| முறை | தரும் தீர்ப்பு | கூர்முனையில் | உழைப்பு | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|---|
| முதல் வகைக்கெழு | இடஞ்சார்ந்தது | வேலை செய்யும் | நடுத்தரம் | தொடர்ச்சி இல்லாத புள்ளி, விடுபட்ட எல்லைக்கோடு |
| இரண்டாம் வகைக்கெழு | இடஞ்சார்ந்தது; எங்கும் ஒரே குறியானால் முழுமையானது | வேலை செய்யாது | பல்லுறுப்புக் கோவைக்குக் குறைவு, பின்னத்துக்கு மிகுதி | ச″ = 0 |
| மூடிய இடைவெளி | முழுமையானது | வேலை செய்யும் | குறைவு | திறந்த முனை |
| சமனிலி | முழுமையானது | பொருட்டில்லை | பொறி தட்டினால் மிகக் குறைவு | சமநிலை சார்பகத்துக்கு வெளியே |
| எண்ணியல் | தோராய எண் | பொன் விகிதத் தேடல் வேலை செய்யும் | கணினிக்குக் குறைவு | பல முகடுகள் |

## எந்தக் கணக்குக்கு எது

மூடிய இடைவெளியும் தொடர்ச்சியான சார்பும் கொடுத்து மீப்பெரு மதிப்பைக் கேட்டால், யோசிக்காமல் மதிப்பு அட்டவணையைப் போடுங்கள். அங்கே வகைப்படுத்துவதற்கு எந்தத் தேவையும் இல்லை. யாராவது கேட்டாலன்றி நான் செய்வதில்லை.

இடஞ்சார்ந்தவற்றைக் கேட்டால் என் கை முதலில் போவது குறி அட்டவணைக்கு. பல்லுறுப்புக் கோவையாக இருந்து, ச′-ஐக் காரணிப்படுத்த வராமல் மூலங்கள் மட்டும் கையில் இருந்தால் ச″ நல்லது. சைன், கோசைன் போன்றவற்றில் தேக்கநிலைப் புள்ளிகள் வரிசையாக எண்ணற்று வரும்போதும் ச″ வேகமாக முடிக்கும், ஏனென்றால் ஒவ்வோர் இடைவெளியிலும் சோதனை மதிப்பைத் தேட வேண்டியதில்லை. பின்னம், வர்க்கமூலம், தனிமதிப்பு என்று வந்தால் ச″ பக்கமே போக மாட்டேன்.

திறந்த இடைவெளியில் செலவைக் குறைக்கும் கணக்கு என்றால், ச″ எங்கும் நேர்மமா என்று பார்ப்பேன். இல்லாவிட்டாலும் ஓர் ஆறுதல் உண்டு. ஓர் இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு மாறுநிலை எண் ஒன்றே ஒன்று இருந்து, அதுவும் இடஞ்சார்ந்த சிறுமமாக இருந்தால், அதுவே மீச்சிறு சிறுமம். அதைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டுமானால் சார்பு முதலில் மேலே ஏறித் திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்தில் இன்னொரு மாறுநிலை எண் முளைத்திருக்கும்.

இரண்டு மாறிகளுக்குப் போகிறவர்கள் இந்த ஆறுதலைக் கூடவே எடுத்துச் சென்று ஏமாறுவது வழக்கம். ய² + வ²(1 − ய)³ என்ற சார்பில் பகுதி வகைக்கெழுக்கள் (ஒரு மாறியை அசையாமல் வைத்து மற்றதைப் பொறுத்து வகையிட்டவை) இரண்டும் பூச்சியமாகும் இடம் ய = 0, வ = 0 ஒன்றுதான். அங்கே இடஞ்சார்ந்த சிறுமம், மதிப்பு 0. மாறுநிலைப் புள்ளி வேறெங்கும் கிடையாது. ஆனால் ய = 5, வ = 1 என்று போட்டுப் பாருங்கள்: 25 − 64 = −39.